வேலை வளர்ந்தது, சம்பளம் வளர்ந்ததா?



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டுக் களத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது விடியுமுன்னே பேர் கூப்பிட்டு, இன்னார் இன்ன நிரைக்கு என்று ஆள் பிரித்துவிடும் இடம் அது. நமது தகப்பனார் கிள்ளானுக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தார். நமக்குப் பத்து வயது இருக்கும்பொழுது, அவருடைய பிரிவில் மண்டோராக இருந்தவர் நோயுற்று வேலையிலிருந்து நின்றுவிட்டார். "வேறு ஆள் வரும்வரை நீயே பார்த்துக்கொள்" என்று தகப்பனாரிடம் சொன்னார்கள். மறுநாளே அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் ஏறின. ஆள் கணக்கு, நிரைக் கணக்கு, பால் எடைக் கணக்கு எல்லாம் அவர் பொறுப்பாயின. வீட்டில் எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை.

வேறு ஆள் வந்து சேர எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் அவருக்குக் கிடைத்தது வெட்டுக்காரரின் நாள் கூலிதான். மரம் வெட்டாததால் அதிகப் பாலுக்குக் கிடைக்கும் மேல்காசும் இல்லாமற் போயிற்று. அதாவது, பொறுப்பு கூடியது; வருமானம் குறைந்தது. புதிய மண்டோர் வந்த அன்று நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு அவரைப் பழைய நிரைக்கே அனுப்பினார்கள். "ஒரு வார்த்தை கேட்டால் என்ன?" என்று அம்மா சொன்னார். "நம்மள நம்பிக் கொடுத்தாங்க. அதுக்குப் போய்க் காசு கேக்கிறதா?" என்று சொல்லிவிட்டுத் தகப்பனார் சாப்பிட உட்கார்ந்தார்.

அந்தத் தோட்டத்தில் இன்று ரப்பர் மரங்கள் இல்லை. லயங்களும் இல்லை. பிள்ளைகள் ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்கும், கிள்ளான் துறைமுகத்துக் கிடங்குகளுக்கும், பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய்விட்டார்கள். ஆனால் "கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்" என்ற அந்தச் சொல் மட்டும் அவர்களைப் பின்தொடர்ந்து போயிருக்கிறது. வேலை வளர்ந்தும் சம்பளம் வளராத நிலை நேர்ந்தால் என்ன செய்யலாம், எப்படிக் கேட்கலாம் என்பதே இன்றைய நமது பேச்சு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வேலை இரண்டு வகையில் வளர்கிறது. ஒன்று, நேரத்தில் வளர்வது. எட்டு மணி நேர வேலை பத்து மணி நேரம் ஆகிறது. ஓய்வு நாளிலும் வரச் சொல்கிறார்கள். மற்றொன்று, பொறுப்பில் வளர்வது. நேரம் அதேதான், ஆனால் கிடங்குச் சாவி நம் கையில் வருகிறது, கணக்கு நம் தலையில் ஏறுகிறது, புதிதாக வருபவர்களுக்கு நாமே வேலை கற்றுக்கொடுக்கிறோம். இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. முன்னதற்குச் சட்டமே அளவு சொல்லியிருக்கிறது. பின்னதற்குப் பெரும்பாலும் நாமே பேசித்தான் வழி காண வேண்டும்.

நேரத்தைப் பற்றிய சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தன. அதன்படி வாரத்திற்கு 45 மணி நேரமே வேலை. அதற்கு மேற்பட்ட நேரத்திற்குச் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு கூலி. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு இந்த மிகை நேரக் கூலி உரிமை உண்டு. கணக்கு எளிது. மாதச் சம்பளம் 2,080 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 80 வெள்ளி. ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றால், மணிக்கு 10 வெள்ளி. ஆகவே மிகை நேரம் ஒரு மணிக்கு 15 வெள்ளி கிடைக்க வேண்டும். இதை நமது பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களே போட்டுவிடுவார்கள். உங்கள் சம்பளச் சிட்டையை எடுத்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுப் பாருங்கள்.

குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்றும் இருக்கிறது. 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2022 மே மாதத்தில் 1,500 ஆகி, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆயிற்று. சிறு முதலாளிகளுக்கு மட்டும் அவ்வாண்டு ஆகஸ்டு வரை தவணை கொடுத்தார்கள். ஆனால் இது தரை மட்டம் மட்டுமே, கூரை அல்ல. "சட்டப்படி 1,700 கொடுக்கிறோமே, பிறகென்ன?" என்று ஒரு முதலாளி சொன்னால், தரையில் நிற்கிறோம் என்றுதான் அதற்குப் பொருள். கிடங்கு கூட்டுபவருக்கும், கிடங்குக் கணக்கு முழுவதையும் பார்ப்பவருக்கும் ஒரே தரை போதுமா என்பது வேறு கேள்வி.

பொறுப்பு வளர்வதைப் பற்றியும் சட்டம் ஒன்று சொல்கிறது. அது நமக்குச் சாதகமாக மட்டும் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம், ஒருவருடைய வேலை விதிகளுக்கு ஒத்த பணிகளை ஒப்படைப்பதை முதலாளியின் அதிகாரத்தில் விட்டிருக்கிறது. பதவி உயர்வும் அப்படியே. ஆகவே "இந்த வேலையை நான் தொடமாட்டேன்" என்று கையை உதறிக்கொண்டு எழுவது ஆபத்து. அது கீழ்ப்படியாமை என்ற குற்றமாக நம்மீதே திரும்பலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் உள்ள "வேலை விதிகளுக்கு ஒத்த" என்ற சொற்களைக் கவனியுங்கள். நமது வேலை விதி என்ன? அது எந்தக் காகிதத்தில் இருக்கிறது? ஒரு மாதத்திற்கு மேற்பட்ட எந்த வேலைக்கும் எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்று வேலைச் சட்டம் சொல்கிறது. அந்தக் காகிதத்தை வீட்டில் வைத்திருப்பவர் எத்தனை பேர்? சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, பிறகு மறந்துவிட்டவர்கள்தாம் அதிகம். பேச்சு அந்தக் காகிதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கேட்பது நமக்குப் புதிய வழக்கம் அன்று. இந்தக் கிள்ளான் மண்ணிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முதலியோர் நடத்திய இந்தியர் சங்கத்தின் வழியாகக் கோரிக்கைகளை முன்வைத்தார்கள். அதே வேலை செய்யும் சீனத் தொழிலாளர்களுக்குக் கிடைக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும், நல்ல மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் போக வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். அந்த மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். மிதிவண்டியில் உட்கார்ந்தபடி போகும் உரிமையைக் கேட்டவர்களுக்கு அன்று கிடைத்த பதில் அது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதும், பி. பி. நாராயணன் போன்றவர்கள் மேசைக்கு முன் உட்கார்ந்து கூட்டு ஒப்பந்தம் பேசியதும் அதற்குப் பிந்திய கதை. 1990-இல் மாதச் சம்பளம் கோரித் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் இரயில்வேக்காரர்களின் கதை உண்டு. வேலை நிரந்தரமானது, கூலி மட்டும் நாள் கணக்கா என்று கேட்டு, மாதச் சம்பள முறைக்காக 1962 டிசம்பரில் இரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது புத்தாண்டையும் தாண்டி நடந்தது. நமது ஆசிரியர் தொழிலிலும் ஒரு கதை உண்டு. ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே பயிற்சி. ஆனால் ஆசிரியைகளுக்கு மட்டும் குறைந்த சம்பளம் என்று ஒரு காலம் இருந்தது. 1960-இல் ஆசிரியைகள் சங்கத்தைத் தொடங்கிய ராசம்மா பூபாலன் அவர்களும் அவருடைய தோழியரும் விடாது வாதாடினார்கள். 1960-களின் இறுதியில் அரசாங்கம் சம ஊதியக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்னும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 1951-இல் பிறந்தது. மலேசியா அதனை 1997-இல் ஏற்றது.

இவர்கள் எல்லாரிடமும் ஒரு பொதுத் தன்மை உண்டு. "எங்களுக்குக் கஷ்டம், பார்த்துக் கொடுங்கள்" என்று அவர்கள் கேட்கவில்லை. "நாங்கள் செய்யும் வேலை இது, இதற்கு உரிய கூலி இது" என்று கேட்டார்கள். கஷ்டத்தைச் சொல்லிக் கேட்டால் அது தருமம் ஆகிவிடும். வேலையைச் சொல்லிக் கேட்டால் அது கணக்கு. இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, அண்மையில் நம் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். நமது பழைய மாணவி ஒருத்தி, தோட்டத்துப் பிள்ளை, கிள்ளான் துறைமுகத்தை அடுத்த ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளம் 1,900 வெள்ளி. ஓராண்டு கழித்துக் கிடங்குக் கிராணி வேலையை விட்டுப் போனார். "கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்" என்றார்கள். சரக்கு வரவு செலவைக் கணினியில் பதிவது, லாரிக்காரர்களுக்குக் காகிதம் எழுதிக் கொடுப்பது, நேப்பாளத்திலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு வேலை காட்டுவது, மாலையில் சாவியோடு கடைசி ஆளாக வெளியேறுவது எல்லாம் அவளுடைய வேலை ஆயின. பதினான்கு மாதம் ஓடியது. சம்பளம் அதே 1,900.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயாரோடு வீட்டுக்கு வந்தாள். "கேக்கலாமா சார்?" என்றாள். தாயார் குறுக்கிட்டு, "வேணாம் வாத்தியாரே. கேட்டா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. வீட்டு வாடகை இருக்கு, தம்பி படிப்பு இருக்கு" என்றார். நேயர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறோம். நாமும் அப்பொழுது, "கொஞ்சம் பொறுத்துப் பாரம்மா, உன்னுடைய உழைப்பைப் பார்த்து அவர்களே தருவார்கள்" என்றுதான் சொன்னோம். அவள் மறுத்துப் பேசாமல் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்று இரவு நமக்குத் தகப்பனாரின் பென்சிலும் நோட்டுப் புத்தகமும் நினைவுக்கு வந்தன. அவர் எட்டு மாதம் பொறுத்தார். என்ன கிடைத்தது? மறுநாள் அவளைத் தொலைபேசியில் அழைத்து, நாம் சொன்னது தவறு என்று கூறினோம். பிறகு இருவருமாக உட்கார்ந்து ஒரு வழி வகுத்தோம். அந்த வழியை உங்களுக்கும் சொல்கிறோம்.

முதற்படி, எழுதுதல். ஒரு மாதம் முழுவதும் அவள் தினமும் செய்த வேலைகளை ஒரு நோட்டில் எழுதினாள். எத்தனை லாரி, எத்தனை பதிவு, யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தாள், எத்தனை மணிக்குப் பூட்டினாள் என்று தேதியோடு எழுதினாள். பிறகு ஒரே தாளில் இரண்டு பத்தி போட்டோம். இடப்பக்கம், ஒப்பந்தத்தில் உள்ள வேலை. வலப்பக்கம், இன்று செய்யும் வேலை. இடப்பக்கம் மூன்று வரிகள். வலப்பக்கம் பதினொரு வரிகள். அதைப் பார்த்த பிறகுதான் அவளுடைய தாயாருக்கே மகள் என்ன வேலை செய்கிறாள் என்பது புரிந்தது.

இரண்டாம் படி, விலை விசாரித்தல். சந்தையில் மீன் வாங்கும்பொழுது நாலு கடை கேட்கிறோம். நமது உழைப்பின் விலையை மட்டும் ஒரு கடையிலும் கேட்பதில்லை. அவள் வேலை விளம்பரங்களைப் பார்த்தாள். அதே வேலையில் இருக்கும் தோழியரை விசாரித்தாள். கிடங்குக் கிராணி வேலைக்கு 2,300 முதல் 2,600 வெள்ளி வரை அந்தப் பக்கத்தில் கொடுப்பது தெரிந்தது. தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த விசாரணை இன்னும் எளிது. தொழிலாளர்களுக்குத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும், கிராணி முதலிய ஊழியர்களுக்கு அவர்களுடைய தனிச் சங்கமும் கூட்டு ஒப்பந்தம் பேசுகின்றன. நீங்கள் எந்த ஒப்பந்தத்தின்கீழ் சம்பளம் வாங்குகிறீர்கள், எந்த ஒப்பந்தத்தின் வேலையைச் செய்கிறீர்கள் என்று கிளைச் செயலாளரைக் கேளுங்கள்.

மூன்றாம் படி, நேரம் பார்த்தல். லாரி வரிசை கட்டி நிற்கும்பொழுது முதலாளியிடம் சம்பளம் பேசலாகாது. நாலு பேர் முன்னிலையிலும் பேசலாகாது. "ஒரு கால் மணி நேரம் உங்களோடு பேச வேண்டும்" என்று முன்னமே சொல்லி நேரம் வாங்க வேண்டும். வருடக் கணக்குத் தயாராகுமுன் கேட்பது நல்லது. கணக்கை முடித்த பிறகு கேட்டால், "அடுத்த வருடம் பார்ப்போம்" என்ற பதில் சுலபமாக வந்துவிடும்.

நான்காம் படி, பேசுதல். வீட்டிலேயே பேசிப் பழகினாள். நாம் முதலாளியாக நடித்தோம். அவள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "பதினான்கு மாதமாகக் கிடங்குக் கிராணி வேலையையும் பார்த்து வருகிறேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. தொடர்ந்து செய்ய விரும்புகிறேன். செய்யும் வேலைகள் இந்தத் தாளில் உள்ளன. இந்த வேலைக்குரிய பதவியும் 2,500 வெள்ளி சம்பளமும் கேட்கிறேன்." சொல்லி முடித்ததும் பேசாமல் இருக்க வேண்டும். இதுதான் கடினம். நம்மவர்கள் கேட்டுவிட்டு உடனே, "முடியாவிட்டால் பரவாயில்லை" என்று தாமே கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

முதலாளி தாளைப் படித்துவிட்டு, 2,050 தருகிறேன் என்றார். அவள் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. "யோசிக்க இரண்டு நாள் கொடுங்கள்" என்றாள். மூன்றாம் நாள் போய், "2,400 கொடுத்தால் சரி. முழுவதும் இப்பொழுது முடியாவிட்டால், மூன்று மாதத்தில் மீண்டும் பார்ப்போம் என்று எழுதிக் கொடுங்கள்" என்றாள். முடிவில் 2,350 வெள்ளியும், கிடங்குக் கிராணி என்ற பதவியும், கையெழுத்திட்ட கடிதமும் கிடைத்தன. கழிந்த பதினான்கு மாதத்திற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த இழப்பு இழப்புத்தான். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. முதல் மாதத்திலேயே கேட்டிருந்தால் எவ்வளவோ மிச்சம்.

அவள் அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தக் கேட்டாள் என்பதைக் கவனிக்க வேண்டும். "மிகை நேரம் நிறையத் தருகிறேன், அதில் சரிக்கட்டிக்கொள்" என்று சில இடங்களில் சொல்வார்கள். மிகை நேரக் கூலிக்கு ஊழியர் சேம நிதி கட்டுவதில்லை. அடிப்படைச் சம்பளம் 450 வெள்ளி உயர்ந்தால், முதலாளியின் 13 விழுக்காட்டுப் பங்கு மட்டுமே மாதம் 58 வெள்ளிக்கு மேல் முதுமைக்குச் சேர்கிறது. அதோடு மிகை நேரத்தின் மணிக்கூலியும் தானே உயர்கிறது.

எல்லா முதலாளியும் இப்படி இணங்கிவிடுவார்கள் என்று சொல்ல மாட்டோம். மறுத்தால் என்ன செய்வது? ஒரு சிறு கடிதம் எழுதிக் கொடுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். இன்ன தேதி முதல் இன்ன வேலைகளைச் செய்து வருகிறேன், இன்ன தேதியில் சம்பள உயர்வு கேட்டேன், பதிலை எதிர்பார்க்கிறேன் என்று நாலு வரி போதும். ஒரு படியை வீட்டில் வையுங்கள். அது சண்டைக் கடிதமன்று, சாட்சிக் கடிதம். சட்டப்படி வர வேண்டிய மிகை நேரக் கூலியோ குறைந்தபட்சச் சம்பளமோ வராவிட்டால், தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. சங்கம் இருக்கும் இடத்தில் சங்கத்தைக் கலந்துகொள்ளுங்கள். கேட்ட காரணத்தால் வேலையை விட்டு நீக்கிவிட்டால், 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். இந்த 60 நாள் கணக்கை மறந்துவிடலாகாது. கோபத்தில் நாமே ராஜினாமாக் கடிதத்தை வீசிவிட்டு வந்தால் வழக்குச் சிக்கலாகிவிடும். வேறு வேலை கையில் வந்த பிறகு முறைப்படி விலகுவதே அறிவுடைமை. அப்பொழுதும் அந்தப் பதினொரு வரித் தாள் புதிய இடத்தில் உங்களுக்காகப் பேசும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "அடங்கி நட" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம். ஒரு சிறு சொல்லுக்கும் வேலை பறிபோன காலத்தில் அது நம்மைக் காப்பாற்றியது. அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பணிவு வேறு, வாய் மூடியிருத்தல் வேறு. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்கிறோம். வளர்ந்த பிள்ளை அழ வேண்டியதில்லை, கணக்கைக் காட்டினால் போதும். உங்கள் பிள்ளை ஒரு நாள் வந்து, "கேக்கலாமா?" என்றால், "என்ன எழுதி வைத்திருக்கிறாய், காட்டு" என்று கேளுங்கள்.

நமது தகப்பனார் எட்டு மாதம் பிரிவு முழுவதன் கணக்கையும் பிழையின்றி எழுதினார். தம்முடைய கணக்கை மட்டும் எழுதவில்லை. நம் பிள்ளைகள் அதையும் எழுதக் கற்றுக்கொள்ளட்டும்.